சத்தத்தைக் குறை மச்சி... அப்பத்தான் பாட்டு கேக்கும்!

வாரத்துக்கு ஒரு போனாவது வந்துடுது. எதிர்முனையில் யாராவது ஒரு தம்பி. 'ஹலோ' கூடக் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, ''அண்ணே, ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல ஹெட்போன் ஒண்ணு சொல்லுங்கண்ணே... பாட்டும் கேக்கணும், கேமும் ஆடணும்!''

ரெண்டாயிரம்னா சும்மா இல்லை பாஸ். ஒரு மாச டீ, பஜ்ஜியைத் தியாகம் பண்ணின காசு. ரெண்டு பர்த்டே ட்ரீட்டுக்கு 'வயித்து வலி'ன்னு டிமிக்கி கொடுத்துச் சேர்த்த காசு. ஊரிலிருந்து கிளம்பும்போது பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த ஐந்நூறு ரூபாயும் அதில் இருக்கலாம். அதனால 'ஏதோ ஒண்ணு வாங்கிக்கோடா'ன்னு சொல்ல எனக்கு மனசு வர்றதில்லை. இந்த வாரம் எல்லாருக்கும் சேர்த்தே சொல்லிடறேன். ஆனா, அதுக்கு முன்னாடி நான் ஏமாந்த கதையை நீங்க கேட்டே ஆகணும்.

நான் அப்போ செகண்ட் இயர். ஹாஸ்டல் வாசம். கறுப்பு டப்பா, அதன் மேல் நெருப்பு கக்கும் டிராகன், '7.1 சரவுண்ட்', '50 எம்.எம். மெகா பாஸ்' என்று தங்க எழுத்து. போதாக்குறைக்கு ரெண்டு காதுப் பக்கமும் சிவப்பு, பச்சை, நீலம்னு லைட்டு வேற! ஆயிரத்து எண்ணூறு ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்கிட்டேன். மாட்டிக்கிட்டு ஆடுறவனுக்கு அந்த லைட்டு தெரியவே தெரியாதுங்கிற உண்மை மூணு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது.

பிரச்னை லைட்டு இல்லை. அந்த ஹெட்செட் என் தலையில் சரியா உட்காரவே இல்லை. ரூம் ஃபேன் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. பாஸ் 'தொம் தொம்'னு அடிச்சதில், கேமில் எதிரி நடந்து வர்ற காலடிச் சத்தம் அடியோட அமுங்கிப் போச்சு. என்ன செய்வோம்? வால்யூமை ஏத்துவோம். ஏத்தினேன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலை மூணு மணி வரைக்கும். ஒரு நாள் இல்லை, ஒரு செமஸ்டர் பூரா.

ஒரு நாள் காலையில் எழுந்தா காதுக்குள்ளே 'கொய்ங்ங்...'னு ஒரு சத்தம். ஃபேன்தான் கத்துதுன்னு நினைச்சு ஸ்விட்சை ஆஃப் பண்ணினேன். ஃபேன் நின்னுடுச்சு. சத்தம் நிக்கலை.

டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள்ளே உட்கார வெச்சு, 'சத்தம் கேட்டா பட்டனை அமுக்கு'ன்னாங்க. வெளியே வந்த கிராஃபில், சமமா போய்க்கிட்டிருந்த கோடு 4,000 ஹெர்ட்ஸ்கிட்ட வந்ததும் குழியில் விழுந்த மாதிரி இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. ''அதிகச் சத்தம் கேட்டவங்களுக்கு இந்த இடத்துலதான் முதல்ல அடிபடும். போனது வராது தம்பி. இருக்கறதைக் காப்பாத்திக்கோ''ன்னார் டாக்டர்.

அவர் சொன்ன காரணம் இது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு பகுதி. அதற்குள்ளே சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். வெளிச் சத்தத்தை மூளைக்குப் புரியும் சிக்னலாக மாற்றுவது அவைதான். பிறக்கும்போது கிடைக்கிற ஸ்டாக் அவ்வளவுதான். முடி கொட்டினா திரும்ப முளைக்கலாம். இந்தச் செல் செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்கிறதில்லை.

அன்னிக்குக் கத்துக்கிட்ட பாடத்தை ஒரே வரியில் சொல்லணும்னா... நல்ல ஹெட்போன் என்பது அதிகமாகக் கத்துவது அல்ல. குறைந்த சத்தத்திலேயே எல்லாவற்றையும் கேட்க வைப்பது. இந்த ஒரு வரியைக் கையில் வெச்சுக்கிட்டு மார்க்கெட்டுக்குள்ளே போங்க. பாதிக் குப்பை தானா ஒதுங்கிடும். எப்படின்னு பார்க்கலாமா?

டப்பாவைப் பார்த்து மயங்காதீங்க!

'20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை'ன்னு எல்லா டப்பாவிலும் போட்டிருக்கும். மனுஷக் காதோட எல்லையே அதுதான். நூறு ரூபாய் பிளாட்பார இயர்போனிலும் அதே எண், பத்தாயிரம் ரூபாய் ஹெட்போனிலும் அதே எண். எந்த இடத்தில் சத்தம் தூக்கல், எந்த இடத்தில் அமுக்கல்னு அது சொல்லவே சொல்லாது. ஒருத்தரோட பயோடேட்டாவில் 'எல்.கே.ஜி. முதல் டிகிரி வரை'ன்னு மட்டும் போட்டு, மார்க்கை மறைச்ச மாதிரி!

'50 எம்.எம். டிரைவர்' என்பது உள்ளே அதிரும் தட்டின் அகலம். தட்டு பெரிசா இருந்தா சாப்பாடு ருசியா இருக்கும்னு யாராவது சொன்னா நம்புவீங்களா? பத்து எம்.எம். தட்டு வெச்ச குட்டி இயர்போன், ஐம்பது எம்.எம். தட்டு வெச்ச தடி ஹெட்செட்டைத் தூக்கிச் சாப்பிடுறது சர்வ சாதாரணம்.

'எக்ஸ்ட்ரா பாஸ்' இன்னொரு வலை. பாஸ் அளவுக்கு மீறினா, பாடகரோட குரல், வயலின், காலடிச் சத்தம் எல்லாத்தையும் மூடிடும். அதைக் கேட்கணும்னு வால்யூமை ஏத்துவீங்க. என் கதைதான்!

டப்பாவில் பார்க்க வேண்டிய எண் ஒண்ணு உண்டு. அது 'ஓம்'. 16, 32 ஓம் போட்டிருந்தா போன், லேப்டாப் ரெண்டிலும் சுலபமா ஓடும். 'ஸ்டுடியோவில் யூஸ் பண்றதுடா'ன்னு யாராவது சொன்னதைக் கேட்டு 250 ஓம் ஹெட்போனை வாங்கினா, அதுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர் தேடி அலையணும்.

'அப்ப விலை அதிகமா இருந்தா சவுண்ட் நல்லா இருக்குமில்ல?'ன்னு கேட்பீங்க. 2017-ல் ஜெரோன் பிரெபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை எடுத்து, விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாகக் கொடுக்கிறது என்ற விஷயத்துக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு அவர் கட்டுரையோட தலைப்பே சொல்லிடுச்சு. பர்ஸ் மெலிஞ்சவங்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா?

காதுக்குள்ளே ஒரு கார்க்!

பாட்டிலை கார்க் போட்டு மூடற மாதிரி, இயர்போன் ரப்பர் காதை மூடணும். துளி இடைவெளி இருந்தாலும் முதல்ல ஓடிப் போறது பாஸ். வெளிச் சத்தமும் உள்ளே வரும். 'இந்த இயர்போன்ல பாஸே இல்லைடா'ன்னு தூக்கிப் போட்டவங்கள்ல நிறையப் பேர் செஞ்ச தப்பு, டப்பாவோட வந்த சின்னது, பெரிசு ரப்பரை மாட்டிப் பார்க்காததுதான். ரெண்டு காதும் ஒரே அளவா இருக்கணும்னும் சட்டமில்லை. எனக்கு இடது பக்கம் மீடியம், வலது பக்கம் பெரிசு.

மாட்டறதுக்கும் ஒரு டெக்னிக் இருக்கு. வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னாலே கொண்டு போய்க் காது மடலை லேசா மேலே இழுங்க. இப்போ இயர்போனை உள்ளே வெச்சு மெதுவாத் திருகுங்க. மடலை விட்டுடுங்க. ஃபேன் சத்தம் சட்டுனு குறைஞ்சா, அதுதான் சரியான ஃபிட்.

இதோட லாபம் என்ன தெரியுமா? வெளிச் சத்தம் உள்ளே வரலேன்னா, பாட்டை அதுக்கு மேலே கத்த வைக்க வேண்டாம். பஸ்ஸில் முக்கால்வாசி வால்யூமில் கேட்டவர், பாதியிலேயே கேட்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாத காது இன்ஷூரன்ஸ்! (ஆனா ரோட்டிலும் ரயில்வே டிராக்கிலும் கால் வைக்கும்போது ரெண்டு காதிலிருந்தும் கழட்டிடணும். அதில் காம்ப்ரமைஸே கிடையாது.)

வயரா... வயர்லெஸ்ஸா?

பாட்டுக்கு மட்டும்னா புளூடூத் ஓகே. கேமுக்கு? கொஞ்சம் யோசிங்க.

புளூடூத்தில் போன் சத்தத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, இயர்போன் அதை விரிச்சுத் தர்றதுக்குள்ளே நேரம் ஓடிடும். சாதாரண மாடல்களில் ஒரு நொடியில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை. 'அட, அவ்ளோதானா?'ன்னு சொல்லாதீங்க. கேம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுதுன்னா, 0.2 நொடி என்பது 12 ஃபிரேம். எதிராளி சுட்டு, நீங்க செத்து, அதுக்கப்புறம் 'டுமீல்' கேட்கும்!

'சினிமா பார்க்கும்போது உதடும் குரலும் சரியாத்தானே இருக்கு?'ன்னு ஒரு புத்திசாலி கேட்பார். நல்ல கேள்வி. சினிமாவில் அடுத்து என்ன வரும்னு ஆப்புக்குத் தெரியும். சத்தம் லேட்டாகிற அளவுக்குப் படத்தையும் லேட்டாக்கிச் சமாளிச்சுடும். கேமில் நீங்க எப்போ பட்டனை அமுக்குவீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அங்கே அந்தத் தந்திரம் பலிக்காது.

மைக் ஆன் பண்ணினா இன்னொரு கூத்து. வழக்கமான புளூடூத்தில், பாட்டு கேட்கிற ரூட் வேற, பேசற ரூட் வேற. ஸ்குவாடில் நாலு பேரும் பேச ஆரம்பிச்சதும், ஹெட்போன் பேசற ரூட்டுக்கு மாறிடும். மொத்த கேமும் பழைய லேண்ட்லைன் போனில் கேட்கிற மாதிரி ஆயிடும். இதைச் சரிபண்ண 'எல்.இ. ஆடியோ' என்ற புது முறை வந்திருக்கு. ஆனா போன், இயர்போன் ரெண்டிலுமே அது இருக்கணும். இன்னொரு வழி, யூ.எஸ்.பி.யில் சொருகும் குட்டி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட். தாமதம் ரொம்பக் கம்மி. ஆனா நல்லதா வாங்கினா பட்ஜெட் எகிறும்.

அதனால ரெண்டாயிரத்துக்குள்ளே பாட்டும் கேமும் ஒரே மெஷினில் வேணும்னா... என் ஓட்டு வயருக்குத்தான். பேட்டரி இல்லை, சார்ஜ் இல்லை, தாமதம் இல்லை. கொடுக்கிற காசு முழுக்க சவுண்டுக்கே போகும்.

காலடிச் சத்தம் எந்தப் பக்கம்?

'7.1'-ன்னா ஏழு ஸ்பீக்கர், ஒரு பாஸ் ஸ்பீக்கர். பட்ஜெட் ஹெட்செட்டுக்குள்ளே அத்தனையும் இருக்காது. காதுக்கு ஒரு டிரைவர்தான். மிச்சமெல்லாம் சாஃப்ட்வேர் வித்தை.

ஆனா நமக்கு இருக்கிறதே ரெண்டு காதுதானே? சத்தம் வலது பக்கத்திலிருந்து வந்தா வலது காதுக்கு முதலில் எட்டும், இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தி எட்டும். அந்த இடைவெளி அதிகபட்சமே ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதோடு எந்தக் காதில் சத்தம் கூடுதல், காது மடலின் வளைவுகளில் பட்டு ஒலி எப்படி மாறுது... இதையெல்லாம் கணக்குப் போட்டு மூளை 'பின்னாடி வலது பக்கம்'னு சொல்லிடும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேம்கள் இதே கணக்கை உள்ளேயே போட்டு ரெண்டே சேனலில் தர்ற வசதி வெச்சிருக்கு. அதுக்கு மேலே ஹெட்செட்டோட '7.1'-ஐயும் ஆன் பண்ணினா, சாம்பார் மேல ரசத்தை ஊத்தின கதை. திசை குழம்பிடும். ஒண்ணை மட்டும் வையுங்க.

காலடி கேட்கத் தேவை, கட்டுக்குள்ளே இருக்கிற பாஸும் தெளிவான நடுப்பகுதியும்தான். பாடகரோட குரல் தெளிவாக் கேட்கறதுக்கும் அதேதான் தேவை. அதனால 'கேமுக்குத் தனி, பாட்டுக்குத் தனி'ன்னு ரெண்டு வாங்க வேண்டாம். பாட்டை ஒழுங்காப் பாடறது கேமையும் ஒழுங்கா ஆடும்!

சரி... எதைத்தான் வாங்கறது?

மேடையில் பாடறவங்க தங்கள் குரலையே கேட்க மாட்டிக்கிறது 'இன்-இயர் மானிட்டர்'. சுருக்கமா ஐ.இ.எம். வயர் காதுக்குப் பின்னால் சுற்றி வரும். கடந்த சில வருஷங்களில் இந்த வகையை மலிவு விலையில் கொண்டுவந்து கலக்கியது சீன கம்பெனிகள். பெரும்பாலானவங்களுக்கு எப்படிப்பட்ட ஒலி பிடிக்குதுன்னு ஹார்மன் கம்பெனியில் ஷான் ஆலிவ் குழு வருஷக்கணக்கில் ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டிருந்தாங்க. அது ஒரு வழிகாட்டியா அமைஞ்சுது. அளந்து பார்க்கிற கருவிகளும் பரவலாச்சு. 20 டாலர் வட்டாரத்திலேயே நல்ல இயர்போன் செய்ய முடிஞ்சுது.

கையில் ஆயிரத்துக்கும் கீழேதான் இருக்கா? 'கே.இசட். இ.டி.எக்ஸ். புரோ' மாதிரி மாடல்களைப் பாருங்க. பாஸ் கொஞ்சம் தூக்கல், ஆனா காசுக்கு மோசமில்லை.

ரெண்டாயிரத்தை ஒட்டி இருக்கா? 'மூன்டிராப் சூ 2', '7 ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ', 'டாங்சூ வானர்' மாதிரி ஆட்கள் இருக்காங்க. குரல் தெளிவுக்குப் பேர் போனவங்க. ஜீரோவோட அடுத்த பதிப்பான 'ஜீரோ 2'-வை, அளந்து விமர்சனம் எழுதிப் பேர் வாங்கின சிங்கப்பூர்க்காரர் க்ரினாகிள்கூடச் சேர்ந்து 2023-ல் கொண்டுவந்தாங்க. அதில் பாஸ் கொஞ்சம் கூடுதல். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். பண்டிகை சேல் வரை பொறுத்தா நூறு, இருநூறு மிச்சம்.

இந்த மாடல்களில் இன்னொரு சௌகரியம், வயரைத் தனியாக் கழட்டலாம். ஹாஸ்டல் வாழ்க்கையில் இயர்போன் சாகறதே வயரில்தான். கட்டில் காலில் மாட்டும், ரூம்மேட் மிதிப்பான், ஜாக் பக்கம் உடையும். வயர் மட்டும் போனா வயரை மட்டும் மாத்திக்கலாம். ஆர்டர் போடும்போது ஒரு எச்சரிக்கை. நிறைய மாடல் 'மைக் உள்ளது', 'மைக் இல்லாதது'ன்னு ரெண்டு வகையா வரும். சரியாப் பார்த்து அமுக்குங்க.

காதுக்குள்ளே எதையும் சொருகப் பிடிக்காதவங்க, காதை முழுசா மூடற பெரிய ஹெட்போன் பக்கம் போகலாம். ஆனா இந்த விலையில் தேர்வு குறைவு. 'ஓப்பன் பேக்'னு பின்பக்கம் திறந்த வகையும் உண்டு. சத்தம் விசாலமா இருக்கும். ஆனா உங்க கேம் ரூம்மேட்டுக்கும் கேட்கும், அவன் குறட்டை உங்களுக்கும் கேட்கும்! ஹாஸ்டலுக்கு வேண்டாம்.

ஜாக்கில் கோடு எண்ணுங்க!

வாங்கிட்டு வந்து 'மைக் வேலை செய்யலை'ன்னு புலம்பறதுக்கு முன்னாடி, ஜாக்கைப் பாருங்க. அதில் கறுப்பு வளையம் ரெண்டு இருந்தா ஸ்டீரியோ மட்டும்தான், மைக் கிடையாது. மூணு இருந்தா மைக்கும் உண்டு. லேப்டாப்பில் ஒரே ஓட்டை இருந்தா மூணு வளைய ஜாக்கை அப்படியே சொருகலாம். டெஸ்க்டாப்பில் பச்சை, பிங்க்னு ரெண்டு ஓட்டை தனித்தனியா இருந்தா 'ஸ்ப்ளிட்டர்' வேணும்.

போனில் ரவுண்டு ஓட்டையே இல்லையா? டைப்-சி கன்வெர்ட்டர் வாங்குங்க. ஆனா உள்ளே 'டி.ஏ.சி.' சிப் இருக்கான்னு கேட்டு வாங்கணும். சிப் இல்லாத வெறும் கன்வெர்ட்டர் பல போன்களில் ஊமையா உட்கார்ந்திருக்கும்.

கடையில் அஞ்சு நிமிஷம்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ, உங்க ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையோ... மாட்டிப் பார்க்க விட்டாங்கன்னா விடாதீங்க.

முதல்ல, நூறு தடவை கேட்ட பாட்டைப் போடுங்க. கடைக்காரர் போடற 'டெமோ' பாட்டு வேண்டாம். அது எதில் போட்டாலும் நல்லாத்தான் கேட்கும். என் சாய்ஸ், இளையராஜாவின் 1986 ஆல்பமான 'ஹவ் டு நேம் இட்'. வி.எஸ்.நரசிம்மனின் வயலினும் பின்னால் வர்ற வாத்தியங்களும் தனித்தனியாக் கேட்கணும். குழைஞ்சு களியாப் போனா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

ரெண்டாவது, வால்யூமைக் குறைச்சுக்கிட்டே வாங்க. எல்லாரும் கடையில் ஏத்திப் பார்ப்பாங்க. நீங்க இறக்கிப் பாருங்க. மெல்லிசாக் கேட்கும்போதும் பாடகரோட சொல் புரியுதா, பின்னணியில் தபேலா தெரியுதா? அப்போ அது நல்ல சரக்கு.

மூணாவது, பத்து நிமிஷம் மாட்டியே இருங்க. காது மடல் வலிச்சா, ராத்திரி ரெண்டு மணி நேரம் எப்படி ஆடுவீங்க?

நாலாவது, பில் வாங்குங்க. பிரபல பிராண்டோட போலி தெருவுக்குத் தெரு கிடைக்குது. புளூடூத் வாங்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: டப்பாவில் 'ஆர்'னு ஆரம்பிக்கிற பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கணும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைப் போட்டா, யாரோட சரக்குன்னு காட்டிடும்.

வாங்கின பிறகு சவுண்ட் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா, ஈக்வலைஸர் இருக்கவே இருக்கு. ஆண்ட்ராய்டில் 'வேவ்லெட்', விண்டோஸில் 'ஈக்வலைஸர் ஏ.பி.ஓ.' ரெண்டையும் காசில்லாம ஆரம்பிக்கலாம். ஏத்தறதைவிட இறக்கறது புத்திசாலித்தனம். பாஸ் அதிகமா இருந்தா பாஸைக் குறைங்க. மத்ததெல்லாம் தானா மேலே வரும்.

கடைசியா ஒரு கணக்கு!

மேத்ஸ்னு ஓடாதீங்க, இது ஈஸி. உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு, பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம். இதில் 3 டெசிபல் கூடினா, நேரம் பாதியாகும். அதாவது 83-ன்னா 20 மணி. 86-ன்னா 10 மணி. 89-ன்னா 5 மணி. 92-ன்னா ரெண்டரை மணி நேரம்தான்... அதுவும் ஒரு வாரத்துக்கு! வால்யூம் பட்டனில் ரெண்டு மூணு அமுக்கு, உங்க ஒரு வாரக் கோட்டாவை ஒரே ராத்திரியில் தின்னுடும். நான் தின்ன மாதிரி.

டெசிபல் மீட்டருக்கு எங்கே போறது? போன் வால்யூமை 60 சதவீதத்துக்குள்ளே வெச்சுக்கிட்டா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். ஐபோன்காரங்க 'ஹெல்த்' ஆப்பைத் திறந்தா, எவ்வளவு சத்தத்தில் கேட்டீங்கன்னு அதுவே கணக்கு காட்டும். மணிக்கு ஒரு தடவை கழட்டி வெச்சுட்டு ஒரு டீ அடிச்சுட்டு வாங்க. ஆடி முடிச்சதும் காதில் 'கொய்ங்'னு கேட்டா, அது காது உங்களுக்குக் கொடுக்கிற வார்னிங் லெட்டர். மறுநாளும் நிக்கலேன்னா, தள்ளிப் போடாம டாக்டரைப் பாருங்க. 'அதுவா சரியாயிடும்டா'ன்னு சொல்ற ரூம்மேட்டை நம்பாதீங்க. நான் நம்பினேன்.

இப்போ என்கிட்டே இருக்கிறது ஒரு ரெண்டாயிரம் ரூபாய் வயர் இயர்போன். லைட்டு கிடையாது, டிராகன் கிடையாது. பாதி வால்யூமைத் தாண்டினதில்லை. பாட்டு பிரமாதமாக் கேட்குது.

ஆனா ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம், இயர்போனைக் கழட்டி மேஜையில் வெச்சா... அந்த 'கொய்ங்' மெதுவா ஆரம்பிக்கும். கூட்டமான மெஸ்ஸில் யாராவது ஜோக் சொன்னா, பாதி கேட்டு பாதி கேட்காம, மத்தவங்க சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிச்சு வைப்பேன். அந்த ஜோக்கைத் திருப்பித் தர எந்தக் கம்பெனி ஹெட்போனாலும் முடியாது பாஸ்.

உங்களுக்கு எல்லா ஜோக்கும் முழுசாக் கேட்கணும். அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். சரி... கையை நீட்டுங்க, அந்த வால்யூமை ரெண்டு புள்ளி குறைங்க பார்ப்போம்.

ம்... இப்போ கேக்குதா?